நான் குறைத்து எழுதிய அளவு

விசிலைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்தே வீட்டுக்குள் வரும் என் கஸ்தூரி அண்ணிக்கு,

நீங்க போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இந்தப் பதினாலு மாதத்தில் மனசுக்குள் உங்களோடு பேசாத நாள் ஒன்றுகூட இல்லை. கயல் கல்லூரியில் சேர்ந்ததைச் சொன்னேன். அண்ணன் தன் சட்டையைத் தானே இஸ்திரி போடக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். உங்க பள்ளிக்கூடத்துப் பெண்கள் கோ-கோ போட்டியில் அரையிறுதி வரை போனதைச் சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்கு எழுதுவதை எதற்கு நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறாய் என்று நீங்க கேட்கலாம். தனியாக எழுதினால் மறுபடியும் எதையாவது குறைத்து எழுதிவிடுவேனோ என்று பயம் அண்ணி. பார்க்க ஆள் இருந்தால் கை கொஞ்சம் நேராகப் போகும்.

நம்மைத் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி எழுதிவிடுகிறேன். நீங்க சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். என் அண்ணன் சேகரின் மனைவி. கயல் உங்க ஒரே மகள். நான் ரேவதி, கடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டர். வயிற்றின் மேல் ஜெல்லைத் தடவி, உள்ளே இருப்பதைத் திரையில் பார்த்து, பார்த்ததை எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் எழுதிக் கொடுப்பதை நம்பித்தான் மற்ற டாக்டர்கள் மேற்கொண்டு எதையும் செய்வார்கள்.

நீங்க நம்ம வீட்டுக்கு வந்தபோது நான் ப்ளஸ் டூ. பிறகு டாக்டருக்குப் படித்து, மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் முதல் தடவை தேறாமல் மூன்று நாள் அறைக்குள் கிடந்தேன். அம்மா வெளியே நின்று அழுதாள். நீங்கதான் உள்ளே வந்து, "எழுந்திரு. பீச்சுல மூணு ரவுண்டு நடந்துட்டு வந்து அப்புறமா அழுவு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீங்க. அடுத்த வருஷம் எனக்கு ரேடியாலஜி கிடைத்தது. அப்படி எனக்குக் கிடைத்த படிப்பைத்தான் உங்களிடம் நான் சரியாகப் பயன்படுத்தவில்லை.

அது ஒரு திங்கட்கிழமை. நாலு வருஷம் ஆகிறது. மஞ்சக்குப்பத்தில் கல்வி அலுவலகத்தில் மீட்டிங் என்று வந்த நீங்க, மத்தியானம் என்னிடமும் எட்டிப் பார்த்தீங்க. வெளியே இருபது பேருக்கு மேல் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்ட்டா வயிறு கல்லு மாதிரி ஆயிடுது ரேவதி. எங்க டாக்டர் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொன்னாரு. நீ இருக்கறப்ப நான் எதுக்கு வேற எடத்துக்குப் போவணும்?"

"சாப்ட்டீங்களா?"

"மீட்டிங்ல போண்டாவும் டீயும் குடுத்தாங்க."

வெறும் வயிற்றில் வந்திருக்க வேண்டும். சாப்பிட்ட வயிற்றில் காற்று மறைக்கும். கல்லீரலுக்குப் போகிற ரத்தத்தின் வேகமும் சாப்பாட்டுக்குப் பிறகு மாறிவிடும். வேறு யாராக இருந்தாலும் நாளைக் காலையில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். நீங்க அண்ணி என்பதால் வரிசையைத் தாண்டி உடனே படுக்க வைத்தேன். சொந்தத்துக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்தேன்.

கயலின் கணக்கு மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டே பார்த்தேன். கல்லீரல் வெளுத்துத் தெரிந்தது. கொழுப்பு படிந்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அதன் ஓரம் வழவழவென்று இல்லை. லேசாகக் கரடு தட்டியிருந்தது. அப்புறம் உங்களை வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மண்ணீரலைப் பார்த்தேன். அதை அளக்க, திரையில் இந்த முனையில் ஒரு புள்ளியும் அந்த முனையில் ஒரு புள்ளியும் வைப்போம். நடுவில் உள்ள தூரத்தை மிஷின் சொல்லிவிடும். பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை பயமில்லை. உங்களுக்குப் பதிமூன்று புள்ளி நாலு வந்தது.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ரத்தத்தை ஒரு பெரிய குழாய் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. போர்ட்டல் வெயின் என்போம். கல்லீரல் கெட்டியாகிவிட்டால் அந்த ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் திணறும், குழாயில் அழுத்தம் ஏறும். பின்னால் தேங்குகிற ரத்தத்தால் மண்ணீரல் வீங்கும். வேறு வழி தேடிப் போகிற ரத்தம் உணவுக்குழாயில் இருக்கிற மெல்லிய நரம்புகளைப் புடைக்க வைக்கும். ஒருநாள் அவை வெடிக்கும். அதனால் மண்ணீரல் பெரிதாகத் தெரிந்தால் டாப்ளர் போட்டு, அந்தக் குழாயில் ரத்தம் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வயிற்றில் போண்டா இருந்திருந்தாலும் ஓரளவு தெரிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் மறுநாள் வரச் சொல்லியிருக்கலாம்.

"என்ன ரேவதி, மூஞ்சி மாறுது?" என்று கேட்டீங்க.

"ஒண்ணுமில்ல அண்ணி. கல்லீரல்ல கொஞ்சம் கொழுப்பு."

"கொழுப்புதானே? அது எனக்குப் பொறந்ததுல இருந்தே ஜாஸ்தின்னு உங்கண்ணன் சொல்வாரு." சிரித்துவிட்டுச் சொன்னீங்க. "இதப் பாரு, இன்னும் பதினஞ்சு நாள்ல மாவட்ட மேட்ச். பெருசா ஏதும் எழுதி வச்சிராத. உங்கண்ணன் படிச்சாருன்னா என்ன வூட்ல உக்கார வச்சிருவாரு."

நான் அந்த அளவை அழித்தேன். மறுபடியும் புள்ளி வைத்தேன். இந்தத் தடவை ரெண்டாவது புள்ளியை மண்ணீரலின் முனையில் வைக்கவில்லை, ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி வைத்தேன். பதினொன்று புள்ளி எட்டு வந்தது.

பக்கத்து மேஜையில் ரிப்போர்ட் டைப் செய்யும் அமுதா தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். முதலில் வந்த எண்ணையும் அவள் பார்த்திருந்தாள்.

"பதினொண்ணு எட்டா மேடம்?"

"ஆமா" என்றேன்.

நீங்க கேட்டதால்தான் செய்தேன் என்று பழியை உங்க மேல் போட மாட்டேன். பெருசா எழுதாதீங்க என்று தினமும் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். யாருக்காகவும் நான் புள்ளியை நகர்த்தியதில்லை. உங்களுக்கு நகர்த்தினது பயத்தில். டாப்ளர் போட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் நான்தானே உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்? அடுத்த மாதம் வெறும் வயிற்றில் வரச் சொல்லி நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் நான் உங்களைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த மாதமும் கூப்பிடவில்லை.

உங்க டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்கள், தினமும் நடங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கையில் இருந்த தாளில் பதினொன்று புள்ளி எட்டு என்று இருந்தது. "பி.டி. டீச்சரப் போயி நடக்கச் சொல்றாரு" என்று போனில் சொல்லிச் சிரித்தீங்க. நானும் சிரித்தேன்.

அப்புறம் ரெண்டு வருஷம். பொங்கலுக்கு வந்தீங்க, தீபாவளிக்கு நாங்கள் வந்தோம். ஒவ்வொரு தடவையும் உங்களைப் பார்த்தவுடன் முதலில் கண்ணின் வெள்ளையைத்தான் பார்ப்பேன். மஞ்சள் இல்லை என்றால் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். சித்தப்பா மகன் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்ததே, முகூர்த்தம் முடிந்து எல்லோரும் மலைக்கோயிலுக்குப் படி ஏறினோம். குழந்தைகள் ஓடி ஏறுகிற படி அது. நீங்க பாதியில் உட்கார்ந்துவிட்டீங்க.

"நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

செருப்பையெல்லாம் கீழேயே விட்டிருந்தோம். நான் உங்க காலைப் பார்த்தேன். வீங்கி, கொலுசு அழுந்திய இடம் பள்ளமாகத் தெரிந்தது. அது எதனால் என்று டாக்டரான எனக்குத் தெரியும். "என்ன அண்ணி, வயசாயிடுச்சா?" என்று கிண்டல் பண்ணிவிட்டு மேலே ஏறிப் போய்ச் சாமி கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? உங்களுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று.

அதற்கு மூன்றாவது மாதம், பள்ளி மைதானத்தில் சாயங்காலப் பயிற்சி. குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த நீங்க நிமிர்ந்தபோது வாயிலிருந்து ரத்தமாக வந்திருக்கிறது. டீமில் இருந்த பெண்கள்தான் தூக்கிப் போய் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

அண்ணன் எனக்குப் போன் பண்ணினார். "ரேவதி, ரத்தமா வாந்தி எடுத்தாளாம். பெரியாஸ்பத்திரில வச்சிருக்காங்க. அல்சரா இருக்குமா?"

அல்சர் இல்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். "பாக்கலாம்ணா, நான் வரேன்" என்றேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வண்டியில் அந்தப் பதிமூன்று புள்ளி நாலைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. பி.முட்லூர் தாண்டும்போது மறுபடி போன் வந்தது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, வெடித்த நரம்புகளுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டார்களாம். உயிருக்கு ஆபத்தில்லையாம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி நின்று அழுதேன்.

நாலாம் நாள் காலையில் அங்கேயே உங்களுக்கு டாப்ளர் எடுத்தார்கள். எடுத்த டாக்டர் எனக்குப் பழக்கம் என்பதால் நானும் உள்ளே நின்றேன். நீங்க தலையைத் திருப்பித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீங்க.

"இது என்ன ரேவதி, கலர் கலரா வருது?"

"ரத்தம் எந்தப் பக்கம் போவுதுன்னு காட்டுது அண்ணி. இந்தக் குழாய்ல கல்லீரலப் பாத்துப் போனா சிவப்பா தெரியும். திரும்பி வந்துச்சுன்னா நீலம்."

"எனக்கு நீலமால்ல இருக்கு?"

"ஆமா."

"அப்ப என் ரத்தம் ரிவர்ஸ்ல போவுதா?"

நான் தலையை ஆட்டினேன். கல்லீரலுக்குள் போக வேண்டிய ரத்தம் உள்ளே போக முடியாமல் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. மண்ணீரல் பதினாறு சென்டிமீட்டர். அந்த டாக்டர் புள்ளியை வைத்து அளந்து முடிக்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெல்லைத் துடைத்துவிடும்போது நீங்க கேட்டீங்க. கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டீங்க.

"ரெண்டு வருஷம் முன்ன நீ பாத்தியே, அப்ப இது இல்லியா?"

"அப்ப இல்ல அண்ணி. இது புதுசா வந்தது."

"ம்" என்றீங்க. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்ப நான்தான் சர்க்கரைய ஒழுங்கா பாத்துக்கல" என்றீங்க.

புள்ளியை நகர்த்தியது ஒரு நிமிஷத்துப் பயம் என்று எனக்கு நானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சமாதானம் சொல்வது? என் தப்பை நீங்க எடுத்து உங்க தலையில் வைத்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதை நான் சொல்லவில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. கல்லீரல் கெட்டது என்றால் குடிதான் என்று முடிவு பண்ணிவிடுகிறார்கள். நம்ம சொந்தத்திலேயே ஒருத்தர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டு, "மச்சான், தப்பா நெனைக்காத, வூட்ல ஏதாவது பழக்கம் கிழக்கம்..." என்று இழுத்தார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். குடிக்காதவர்களுக்கும் இது வரும், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தாலே கல்லீரல் கெட்டியாகிவிடும் என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். டாக்டர் நாத்தனார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று உங்களிடமே சொன்னார்கள்.

அன்றைக்கு டாப்ளர் போட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று நூறு தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு நீலமாக இருந்திருக்காது. சிவப்பாகத்தான் இருந்திருக்கும், ஆனால் ரத்தம் மெதுவாக ஊர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்திருந்தால் உணவுக்குழாயைச் சோதித்திருப்பார்கள். வெடிப்பதற்கு முன்பே வளையம் போட்டிருக்கலாம். அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை கொடுத்திருக்கலாம். கல்லீரல் டாக்டரிடம் ரெண்டு வருஷம் முன்னாடியே போயிருப்பீங்க. அப்படியானால் நீங்க இன்றைக்கு இருந்திருப்பீங்களா? உறுதியாகச் சொல்ல முடியாது. அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் ரொம்ப நாள் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பத்து மாதம் இருந்தீங்க. வயிற்றில் தண்ணீர் சேர்ந்தது, எடுத்தோம். மறுபடி சேர்ந்தது. சென்னையில் மாற்றுக் கல்லீரலுக்குப் பதிந்துவைத்தோம். ஒருநாள் மத்தியானம் சிதம்பரம் வீட்டில் நீங்களும் நானும் மட்டும் இருந்தோம். அண்ணன் மருந்துக்குப் போயிருந்தார், கயல் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். உங்க கால் நகத்தை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தேன்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு" என்றீங்க. நான் பேசுவதற்குள் நீங்களே ஆரம்பித்துவிட்டீங்க. "டாக்டருங்க பேசறது ஒண்ணும் வெளங்கல ரேவதி. நீ வந்து சொன்னாத்தான் எனக்குத் தைரியமா இருக்குது. நீ இல்லன்னா நான் என்னா பண்ணிருப்பேன்?"

என்னால் சொல்ல முடியவில்லை. தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று எதையோ கேட்டேன். அதற்கு மூன்றாவது வாரம் வயிற்றுத் தண்ணீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தது. சென்னையில் முறை வருவதற்கு முன்னாலேயே நீங்க போயிட்டீங்க.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். பெயர் வேண்டாம். நாற்பத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு, குடும்பத்தில் யாரும் குடித்ததில்லை. டீ குடித்துவிட்டு வந்திருந்தார். திருப்பி அனுப்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்தார், வரும்போதே கோபமாக வந்தார். மண்ணீரல் பதிமூன்று புள்ளி ஒன்று. டாப்ளர் போட்டேன். சிவப்புதான், ஆனால் ரொம்ப மெதுவாக ஓடியது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா, இன்னும் மூணு வாரத்துல மவளுக்கு நிக்காஹ். அவுங்க வாப்பா துபாய்ல இருந்து வர்றாங்க. இப்ப எதையும் எழுதாதீங்கம்மா. நிக்காஹ் முடிஞ்சதும் நானே வந்துடறேன்."

அமுதா டைப் செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதிமூணு ஒண்ணு, அமுதா" என்றேன். ரத்தத்தின் வேகத்தையும் சொன்னேன். அவள் டைப் செய்தாள். அந்த அம்மா அழுதார். "நீங்களும் ஒரு பொம்பளதானே" என்றார். அரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கினேன். அவர் சமாதானம் ஆகாமல்தான் எழுந்து போனார். ஆனாலும் போக வேண்டிய டாக்டரிடம் போயிருக்கிறார். ரெண்டு நரம்பு வெடிக்கிற பக்குவத்தில் இருந்ததாம். வளையம் போட்டுவிட்டார்கள். நிக்காஹும் நல்லபடியாக நடந்தது என்று அவருடைய டாக்டர் சொன்னார். உங்களிடம் நல்ல பெயர் வாங்க இதைச் சொல்லவில்லை அண்ணி. முகம் தெரியாத ஒருத்தருக்கு நான் செய்ததை உங்களுக்குச் செய்யவில்லை. அதற்காகத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு வேலை முடிந்து மிஷினுக்கு உறை போடும்போது அமுதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், உங்க அண்ணி சாவுக்கு நானும் வந்திருந்தேன். அங்க உக்கார முடியல எனக்கு. அன்னிக்கு நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும் மேடம். பதிமூணு நாலுதானேன்னு கேட்டிருந்தா நீங்க மாத்திருப்பீங்க."

நாலு வருஷமாக அந்த எண்ணை அவளும் மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். நான் நகர்த்திய ஒரு புள்ளிக்கு, சம்பளத்துக்கு வேலை செய்ய வந்த ஒரு பெண் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். "உன் தப்பு இல்ல அமுதா, எல்லாம் என் தப்பு" என்று அவளிடம் அப்போதே சொல்லிவிட்டேன். உங்களிடம் ஏன் இதே வார்த்தை எனக்கு வராமல் போனது?

அந்த ஞாயிற்றுக்கிழமையே சிதம்பரம் போனேன். அண்ணன் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கயல் கல்லூரி விடுதியில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அவ உங்கிட்ட கேட்டாளா?"

"கேட்டாங்க. அப்ப இல்லன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் பீன்ஸை ஒதுக்கி வைத்தார். குழாயைத் திறந்து கையைக் கழுவினார். அப்புறம் சொன்னார். "சாவுற வரைக்கும் அவ தன்னைத்தானே திட்டிக்கிட்டு கெடந்தா ரேவதி. ஒரு கல்யாணத்துல ரெண்டு லட்டு சாப்ட்டாளாம், அதை நெனச்சி நெனச்சி அழுதா. நானே கெடுத்துக்கிட்டேன், எம் பொண்ண நானே நடுத்தெருவுல விட்டுட்டேன்னு அழுதா. உனக்கு இது தெரியுமா?"

எனக்குத் தெரியாது. என் முன்னால் நீங்க அழுததே இல்லையே அண்ணி.

"எங்கிட்ட வந்து சொல்லி என்னாவப் போவுது? கேட்டவ அவ" என்றார். சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. நானும் அங்கே நிற்கவில்லை.

நீங்க கேட்டதற்கு, கேட்கக் காது இல்லாத இடத்துக்கு நீங்க போன பிறகு, இப்போது பதில் சொல்கிறேன். இருந்தது அண்ணி. அப்பவே இருந்தது. நான் பார்த்தேன், பார்த்துவிட்டு மறைத்தேன். ரெண்டு லட்டு அல்ல. நீங்க நடக்காமல் இருந்ததும் அல்ல. எல்லாம் முன்பே ஆரம்பித்திருந்தது, உங்களிடம் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. உங்களை நீங்க திட்டிக்கொண்ட ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வந்து சேர வேண்டியது. இதை நீங்க உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் என் மேல் கோபப்பட்டிருப்பீங்க, பேசாமல்கூட இருந்திருப்பீங்க. ஆனால் அந்தப் பத்து மாதம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பீங்க. அதையும் உங்களுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். பதில் சொல்ல முடியாதவரிடம் அதைக் கேட்பது நியாயமாகத் தெரியவில்லை.

அண்ணன் ரெண்டரை மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. போன வியாழக்கிழமை போன் வந்தது. "கயலுக்குத் தெரியணும். நான் சொல்ல மாட்டேன். நீதான் வந்து சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கயலுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது. உங்களைப் போலவே நடை, கையை வீசிக்கொண்டு. எங்கத்தை இருந்ததாலதான் எங்கம்மா அவ்வளவு நாள் இருந்தாங்க என்று விடுதியில் கூட இருக்கும் பெண்களிடம் சொல்லியிருக்கிறாளாம். போன மாதம் அவர்களை அழைத்துக்கொண்டு பிச்சாவரத்துக்குப் போனவள், படகிலிருந்து எனக்கு வீடியோ கால் போட்டு ஒவ்வொருத்தியிடமும், "இவுங்கதான் எங்கத்தை" என்று காட்டினாள். நான் சிரித்துக் கையாட்டினேன்.

கயல் லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாளைக்குக் காலையில் சிதம்பரம் போகிறேன் அண்ணி. இந்தக் கடிதம் வேறு யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் கயல் இதை என் வாயால் கேட்பாள். எண்ணையும் சொல்வேன், நான் சொன்ன பொய்யையும் சொல்வேன், நீங்க அழுததையும் சொல்வேன். அவள் எவ்வளவு கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்வேன். எழுந்து போ என்றால் போய்விடுவேன். அதற்கப்புறம் அவள் என்னை அத்தை என்று கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது. கூப்பிடாவிட்டால் அதற்காக அவளிடம் வருத்தப்பட மாட்டேன். உங்க மகளிடம் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களை ஏமாற்றிய, உங்களைத் தவிர வேறு யாரையும் அண்ணி என்று கூப்பிட்டறியாத,
உங்கள் நாத்தனார் ரேவதி
கடலூர்